பட்டை போட்ட கருடன்

கும்பாபிஷேகச் செய்தி எழுதுவதற்கு அந்தக் காலத்தில் அதிக நேரம் ஆகாது. ஊர்ப் பெயர், கோயில் பெயர், யாகசாலை பூஜை எத்தனை காலம், கலசத்தில் நீர் ஊற்றிய நேரம், வந்திருந்த பிரமுகர்கள், அன்னதானம். கடைசி இரண்டு வாக்கியங்கள் எல்லாக் கோயிலுக்கும் பொது: "அப்போது வானில் கருடன் வட்டமிட்டது. பக்தர்கள் பரவசமடைந்தனர்." கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்த முதல் சில வருடங்களில் இந்த வாக்கியங்களை நான் பல தடவை எழுதினேன். சில சமயம் கோயிலுக்குப் போகாமலேயே எழுதினேன். விழாக்குழுவினர் அழைப்பிதழைக் கொடுத்துவிட்டுப் போன அன்றே செய்தியைத் தயார் செய்து, நேரத்தை மட்டும் பிறகு நிரப்பியதும் உண்டு. கருடன் வராத கும்பாபிஷேகம் என்று ஒன்று எங்கள் பத்திரிகையில் வந்ததில்லை.

கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டமாகியிருக்கவில்லை. செய்தியைத் தாளில் எழுதி, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். படமென்றால் கறுப்பு வெள்ளை. பிரிண்ட் போட்டுக் கவரில் வைத்துப் பேருந்தில் கொடுத்தனுப்ப வேண்டும்.

என் மனைவி கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. வாரம் முழுக்க அங்கேயே தங்குவாள். சனிக்கிழமை மதியப் பேருந்தில் நான் மேலே போவேன். ஞாயிற்றுக்கிழமை அவள் நோட்டுத் திருத்துவாள். எனக்கு வேலை இருக்காது. பள்ளிக்குப் பின்னால் சாமைக் கொல்லை, அதற்கப்பால் சரிவு, சரிவுக்கு மேலே நிறைய வானம். அதில் காலை ஒன்பதரை, பத்து மணிக்குமேல் பெரிய பறவைகள் சுற்றின. முதலில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். சில வாரங்களில் அது உறுத்த ஆரம்பித்தது. எங்கே, எப்போது, எத்தனை என்று எல்லாம் என்னால் சொல்ல முடிந்தது. யார் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. செய்தி எழுதுகிறவனுக்கு அது முதல் கேள்வி.

கேட்ட இடத்திலெல்லாம் ஒவ்வொரு பதில் கிடைத்தது. கரியாலூர் டீக்கடையில் கேட்டால் பெரியது எல்லாம் கருடன், சிறியது எல்லாம் வல்லூறு. கீழே கள்ளக்குறிச்சியில் எல்லாமே பிராந்து. அதாவது பருந்து. எங்கள் பத்திரிகையின் செய்தி மேசையில் எல்லாமே கழுகு. ஒருமுறை மின்கம்பியில் சிக்கிய பருந்தைப் பற்றி எழுதி அனுப்பினேன். மறுநாள் "கழுகு" என்று வந்தது. ஏன் என்று போனில் கேட்டதற்கு உதவி ஆசிரியர், "பருந்துன்னா சின்னதா இருக்கும்னு நெனைச்சிக்குவாங்க, கழுகுன்னா நாலு பேர் படிப்பாங்க" என்றார்.

இப்படி இருந்தபோதுதான் அந்தப் படத்தை எடுத்தேன். மலையில் கோடை விழாவுக்குப் போயிருந்தேன். விழாவை எடுத்தது போக ரோலில் நான்கு ஃபிரேம் மிச்சம். கரியாலூர் சாலை வளைவில் ஜீப்புக்காகக் காத்திருந்தபோது, ஒரு பறவை பள்ளத்திலிருந்து எழும்பி என் தலைக்கு நேர் மேலே, பனை உயரத்தில், இறக்கையை விரித்தபடி போனது. நான்கையும் அதற்கே செலவழித்தேன். ஒன்று தெளிவாக விழுந்திருந்தது. நிறம் தெரியாத கறுப்பு வெள்ளைப் படம். இறக்கையின் அடிப்பக்கம் முழுக்கத் தெரிந்தது. பின் ஓரம் கறுப்பு, அதற்கு முன்னால் அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை. டீக்கடைக்காரர் கருடன் என்றார். படத்தின் பின்னால் பென்சிலில் "கருடன், கரியாலூர்" என்று எழுதிவைத்தேன். சரிபார்க்கவில்லை.

மறுவருடம் மாசியில், கோமுகி அணைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு கிராமத்துக்குப் போனேன். அங்கே பழைய பெருமாள் கோயிலைப் புதுப்பிக்கிற வேலை நடந்தது. அதைப் பற்றி ஒரு பத்திச் செய்தி வேண்டும். கருவறை விமானத்தின் மேல் சாரம் கட்டியிருந்தார்கள். வேலை செய்துகொண்டிருந்தது உள்ளூர்க் கொத்தனார் ஒருவர். நாற்பது வயதிருக்கும். கரும்பு வெட்டப் போகிற கூலிக் குடும்பம். வெளியூர் ஸ்தபதி ஒருவரிடம் பல வருடம் கலவை சுமந்து, சாரத்தில் ஏறி, சுண்ணாம்பில் உருவம் பிடிக்கிற சுதை வேலை கற்றுக்கொண்டவர். ஒரு விமானத்தை முழுசாக அவர் பொறுப்பில் விட்டது இதுதான் முதல் தடவை. அவருடைய மனைவிதான் அவருக்குச் சித்தாள்.

பேசிவிட்டுக் கிளம்பும்போது அவர் சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"சார், உங்ககிட்ட கருடன் போட்டோ இருக்குங்களா? நெஜ கருடன். காலண்டர் கருடன் வேணாம்."

"எதுக்கு?"

"விமானத்து நாலு மூலைலயும் கருடன் வெக்கணும் சார். மூஞ்சி, கை, காலு எல்லாம் எனக்கு அத்துப்படி. றெக்கைதான். கீய நின்னு பாக்கறவனுக்கு றெக்கையோட அடிப்பக்கம்தான தெரியும்? எல்லாரும் மேல்பக்கத்த செஞ்சி வெச்சிட்டுப் போய்க்கினே இருக்காங்க."

அவர் சொன்னது சரியாக இருந்தது. நான் அதுவரை பார்த்த கோயில் கருடன்களை நினைத்துப் பார்த்தேன். எல்லாமே கூரை ஓடு அடுக்கியதுபோல இறகு அடுக்கிய இறக்கைகள். பறக்கிற பறவையைக் கீழிருந்து பார்த்தால் அப்படித் தெரியாது. அடுத்த வாரமே கரியாலூர்ப் படத்தை ஒரு தாள் அளவுக்குப் பெரிதாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "இத்தப் பாத்துத்தான் செய்யப் போறியா? இன்னாமோ மொறம் கணக்கா இருக்குது."

"நீ கலவைய ஆற வுடாத, போ."

"ஆமா, கலவை ஆறிடுது இவுருக்கு. போட்டோவப் பாத்துக்கினே நிக்கறது யாராம்?"

படத்தைப் பாலிதீன் உறையில் போட்டு, சாரத்து மூங்கிலில் கட்டினார்கள்.

அதன் பிறகுதான் எனக்குப் புத்தகம் கிடைத்தது. விழுப்புரத்தில் பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த பறவைப் புத்தகம். கூடவே ஒருவர் விற்ற பழைய பைனாகுலரும் வாங்கினேன். ஒரு கண்ணாடியில் கீறல் இருந்தது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நிருபர் நோட்டில் குறிப்பு எழுத ஆரம்பித்தேன்.

வேட்டைப் பறவையைக் கண்டுபிடிக்க நிறம் அவ்வளவாக உதவாது என்பது முதலில் தெரிந்தது. வயதுக்கு ஏற்ப நிறம் மாறுகிறது. வெயிலுக்கு எதிரே எல்லாமே கறுப்பு. உருவமும் நடத்தையும்தான் நிலையானவை. கள்ளக்குறிச்சி கறிக்கடைகளுக்கு மேலே சுற்றுகிற கரும்பருந்துக்கு வால் நடுவில் பிளந்திருக்கும். ஆனால் வாலை முழுக்க விரித்தால் பிளவு மறைந்துவிடும், எனவே அது திரும்புகிற வரை பொறுக்க வேண்டும். நெல் வயலுக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கிற வெள்ளைச் சாம்பல் பறவை கருந்தோள் பருந்து. எலவனாசூர்கோட்டை சாலையில் மின்கம்பியில் அதைத் தினமும் பார்க்கலாம். மலைக்காரர்கள் வல்லூறு என்கிற சிறியதும் ஒன்றே அல்ல. வேப்பமரத்துக்குள் அணிலைத் துரத்துகிறது ஒன்று, பாறை உச்சியிலிருந்து கல்போல விழுந்து புறாவைப் பிடிக்கிறது இன்னொன்று. ஐப்பசிக்கு மேல் அறுவடை வயல்களில் தரையை ஒட்டி நிதானமாகப் பறந்து போவது பூனைப் பருந்து. பங்குனி முடிவதற்குள் அது போய்விடும்.

கருடனைப் புத்தகத்தில் பார்த்தேன். தலையும் நெஞ்சும் சுத்த வெள்ளை. மற்றதெல்லாம் செங்கல் சிவப்பு. வால் முனை வட்டம். நீர்நிலை ஓரத்துப் பறவை. மழைக்காலத்தில் அணைப் பக்கம் அப்படி ஒன்றைப் பார்த்த நினைவு இருந்தது. ஆனாலும் கரியாலூர்ப் படத்தையும் அதையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தது என் மனைவி.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்குப் பின்னால் பலா மரம் ஒன்று உண்டு. அவள் துணி உலர்த்தப் போனவள் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ஏங்க. இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க. உங்க கருடன் உக்காந்துக்கினு இருக்குது."

பைனாகுலரை எடுத்துக்கொண்டு போனேன். நடுக்கிளையில் அடர்பழுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. மஞ்சள் முகம். பிடரியில் கொண்டை. அலகில் பாதி விழுங்கிய பாம்பு.

"கருடனுக்கு நெஞ்சு வெள்ளைன்னு நேத்துதான புத்தகத்துல காமிச்சீங்க? இதுக்கு இன்னா, பழுப்புல வெள்ளப் புள்ளி புள்ளியா இருக்குது?"

"இது கருடன் இல்ல. பாம்புக் கழுகு. கொண்டை இருக்கு பார்."

பறவை எங்களைக் கண்டுகொண்டது. பாம்பை விழுங்கிவிட்டுக் கிளம்பி, எங்கள் தலைக்கு மேலே போனது. இறக்கையின் பின் ஓரம் கறுப்பு. அதற்கு முன்னால் அகலமான வெள்ளைப் பட்டை. நான் பைனாகுலரை இறக்கினேன்.

"இன்னா, மூஞ்சி இப்பிடிப் போவுது?" என்றாள்.

"அந்தப் படம். கரியாலூர்ல எடுத்தது. அது இதுதான்."

அவள் ஈரப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "அதத்தான அந்தக் கொத்தனாருகிட்ட பெருசு பண்ணிக் கொடுத்தீங்க?"

"ஆமா."

"உங்க பேப்பர்ல காக்காவக் கூட கழுகுன்னு போடுவாங்க, துடைச்சிப் போட்டுட்டுப் போயிடலாம். அவரு சுண்ணாம்புல செஞ்சிக்கினு இருக்காருங்க."

திங்கட்கிழமைக் காலைப் பேருந்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே அந்தக் கிராமத்துக்குப் போனேன். நான்கு கருடன்களும் முடிந்து, காய்ந்து, வண்ணமும் அடித்தாயிற்று. மண்டியிட்டு, கைகூப்பி, இறக்கையை விரித்து முன்னால் சாய்ந்திருந்தன. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இறக்கையின் அடிப்பக்கம் அப்படியே தெரிந்தது. படத்தில் வெள்ளைப் பட்டை இருந்த இடத்தில் அவர் இறகுக் கோடே போடாமல் வழுவழுவென்று விட்டு, அதற்குப் பின்னால் ஆழமாக வெட்டியிருந்தார். பட்டைக்கு வெள்ளை அடித்து, பின் ஓரத்துக்குக் கறுப்பு அடித்திருந்தார். மற்றதெல்லாம் வழக்கமான பச்சையும் பொன்னும். நான் பார்த்த எந்தக் கோயில் கருடனையும்விட அவை நன்றாக இருந்தன. தவறான பறவை என்பது மட்டும்தான் குறை.

அவரிடம் சொன்னேன். சாரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை.

"அப்ப நெஜ கருடனுக்குப் பட்டையே கெடையாதுங்களா?"

"கிடையாது."

அவர் மனைவி மண்வெட்டியைக் கீழே போட்டார். "அந்த ஆளு கண்டுபுடிச்சிட்டாரே, நான் சொன்னேனா இல்லயா?"

அந்த ஆள் என்றது, ஊரில் அதிக நிலம் வைத்திருந்த, திருப்பணிக் குழுவில் இருந்த ஒரு பெரியவரை. வெளியூர் ஸ்தபதியைத்தான் கூப்பிட வேண்டும் என்று தொடக்கத்திலிருந்தே சொன்னவர். சமாச்சாரம் இதுதான்: நான் போனதற்கு முந்தின நாள் அவர் விமானத்தைப் பார்க்க வந்திருந்தார். நாலு கருடனையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, கருடனுக்கு பெல்ட்டு போட்டு வெச்சிருக்க? கருடன் பெருமாளுக்கு வாகனமா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வாகனமா?" என்று கேட்டிருக்கிறார். நான் போன அன்று சாயங்காலம் குழு கூடுவதாக இருந்தது. அடுத்த இரண்டு ஊர்கள், ஒன்று அம்மன் கோயில், ஒன்று பெருமாள் கோயில், கொத்தனாருக்கே வேலை கொடுப்பதாகப் பேசியிருந்தன. அவர்களும் இந்தக் கும்பாபிஷேகம் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். நான்கு சுதையையும் உடைத்தால் அந்த இரண்டு கோயிலும் போய்விடும். திரும்பக் கரும்பு வெட்டுதான்.

சாயங்காலம் வரை இருந்தேன். குழு கோயில் முன்மண்டபத்தில் உட்கார்ந்தது. கொத்தனார் தூணோரமாக நின்றார். பெரியவர் பட்டை விஷயத்தை எடுத்ததும் நான் எழுந்தேன்.

"படம் நான் கொடுத்ததுங்க. அவர் கேட்டது கருடன் படம். நான் கொடுத்தது வேற பறவை. பேர் தப்பா எழுதிக் கொடுத்துட்டேன். அவர் படத்துல இருந்ததை இருந்தபடி செஞ்சிருக்காரு. தப்பு என்னுது."

பெரியவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"பேப்பர்காரரே, நீங்க தப்பா எழுதிட்டா மறுநாளு மறுப்பு போட்டுடுவீங்க. சுதையில மறுப்பு எப்பிடி போடறது?"

சிலர் சிரித்தார்கள்.

கொத்தனார் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "தேதி குறிச்சாச்சுங்க. இப்ப ஒடைச்சா மறுபடி காய நாளு பத்தாது."

"அதான் தெரியுதே." பெரியவர் மற்றவர்களைப் பார்த்தார். "ஒண்ணு பண்ணலாம். கும்பாபிஷேகம் நடக்கட்டும். கருடன் வந்து சுத்திட்டா சாமிக்கு சம்மதம்னு அர்த்தம், நான் வாயத் தெறக்க மாட்டேன். வரலன்னா, நாலையும் ஒடைச்சிட்டு வெளியூர் ஆளக் கூப்பிட்டு செய்யறது. இன்னா சொல்றீங்க?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயமான தீர்ப்பு என்றே அங்கே இருந்தவர்களுக்குப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை, ஏனென்றால் கும்பாபிஷேகம் வைகாசியில். என் நோட்டில் வைகாசிக்குக் கருடன் இல்லை.

அடுத்த இரண்டு வாரங்கள், முடிந்தபோதெல்லாம் காலையில் அந்தப் பக்கம் போனேன். பத்திரிகையில் ஏதோ ஒரு காரணம் சொல்லி வைத்தேன். முதலில் அணை. தண்ணீர் அடிமட்டத்தில் இருந்தது, சேற்றில் மாடுகள் நின்றன. கரையில் கொக்கு, நாரை. செங்கல் நிறத்தில் ஒன்றுமில்லை. மீன் பிடிக்கிறவர்களைக் கேட்டேன். "கருடனா? அது மழை பேஞ்சி தண்ணி ஏறினா வரும் சார். இப்ப இன்னாத்துக்கு வரும்?" என்றார்கள். பிறகு ஊருக்குள் வந்து, கோயிலுக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தேன். எட்டு மணி வரை காக்கை. எட்டரைக்கு ஒரு கரும்பருந்து, வால் பிளந்தது. ஒன்பதரைக்கு மேல், தரை சூடாகிக் காற்று மேலே எழும்ப ஆரம்பித்த பிறகு, மலைச் சரிவுப் பக்கத்திலிருந்து ஒரு சீழ்க்கை கேட்கும். மூன்று நான்கு தடவை, இழுத்து இழுத்து. அப்புறம் பாம்புக் கழுகு உயரத்தில் தெரியும். இறக்கையைக் கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கிப் பிடித்திருக்கும். சில நாள் ஊர் வரை வந்தது. சில நாள் சரிவோடு திரும்பிவிட்டது.

கொத்தனாரிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னேன்.

"முகூர்த்தம் ஒம்பதுல இருந்து பத்தரை. ஒம்பதுக்கு ஊத்திட்டா எதுவும் வராது. பத்து மணிக்கு ஊத்தினா ஏதாவது வரலாம். வந்தாலும் கருடனா இருக்காது."

"நாம சொன்னா பட்டரு லேட்டா ஊத்துவாருங்களா சார்?"

அவர் மனைவி சல்லடையில் மணலைச் சலித்துக்கொண்டே சொன்னார்: "எந்த ஊர்லய்யா நேரத்துக்கு ஊத்தியிருக்காங்க? மைக் செட்டு வரணும், எம்.எல்.ஏ. வரணும், அவரு வண்டிக்கு வழி வுடணும். பத்துக்கு முன்ன ஆனாத்தான் அதிசயம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு சொல்றேன் சார். மாடு மாதிரி ஒழைச்சிட்டு, ஒரு பறவ வருதா வரலியான்னு அண்ணாந்து பாத்துக்கினு நிக்கறோம் பாருங்க, அத நெனைச்சாத்தான் சிரிப்பா வருது." அவர் சிரிக்கவில்லை.

கும்பாபிஷேகத்தன்று கூட்டம் எட்டு மணிக்கே சேர்ந்துவிட்டது. எல்லோரும் நிழலில் இடம் பிடித்திருந்தார்கள். என் மனைவியும் லீவு போட்டு வந்திருந்தாள், பைனாகுலர் அவள் கழுத்தில். கொத்தனார் புது வேட்டியில், விமானத்துக்குப் போகிற ஏணியடியில் நின்றார். பெரியவர் முன்வரிசையில் நாற்காலியில்.

சித்தாள் சொன்னது பலித்தது. எம்.எல்.ஏ. வந்தபோது ஒன்பதே முக்கால். பட்டர்கள் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியேறினார்கள். மேளம் வேகமெடுத்தது. கலசத்தில் நீர் விழுந்தபோது என் கடிகாரத்தில் பத்தடிக்க நாலு நிமிடம். கூட்டம் கைகளைத் தூக்கிக் கூப்பி, ஒரே சமயத்தில் வானத்தைப் பார்த்தது.

வானத்தில் ஒன்றுமில்லை.

மேளம் தொடர்ந்தது. தீர்த்தம் தெளித்தார்கள். தெற்கிலிருந்து ஒரு பறவை தாழப் பறந்து வந்தது. "கருடன்! கருடன்!" என்று ஒரு பக்கம் குரல் எழும்பியது. அது திரும்பியபோது வால் பிளவு தெரிந்தது. பெரியவருக்குப் பின்னால் நின்ற ஓர் இளைஞன், "டேய், அது பிராந்துடா. கறிக்கடைல நிக்குமே அது" என்றான். தூக்கிய கைகள் இறங்கின. பெரியவர் கொத்தனாரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கொத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில பேர் அன்னதானப் பந்தலை நோக்கி நகர ஆரம்பித்தார்கள். மேளக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில்தான் சீழ்க்கை கேட்டது. என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். மலைப் பக்கம், உயரத்தில், இறக்கையைத் தூக்கிப் பிடித்தபடி ஒன்று. அடித்துக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டே ஊர்மேல் வந்தது. விமானத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, கூப்பிட்டுக்கொண்டே இன்னொரு வட்டம் போட்டது. வெயில் அப்போது அதன் இறக்கையை ஊடுருவி வந்தது. அடிப்பக்கத்தில் வெள்ளைப் பட்டை, வீட்டுச் சுவரில் பொங்கலுக்கு அடித்த பட்டைபோலத் தெளிவாகத் தெரிந்தது.

யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "அங்க பாரு, பட்டை! நம்ம விமானத்துல இருக்கறதுதாண்டி அது!"

கூட்டம் பறவையைப் பார்த்தது, விமானத்தைப் பார்த்தது, மறுபடி பறவையைப் பார்த்தது. கோவிந்தா என்று எழுந்த சத்தத்தில் மேளம் தானாகவே ஆரம்பித்துக்கொண்டது. பறவை மூன்றாவது வட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு மலைப் பக்கம் போய்விட்டது. சத்தம் அதற்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பெரியவர் எழுந்து என்னிடம் வந்தார். சுற்றிலும் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கொத்தனாரும் அவர் மனைவியும் இரண்டு அடி தள்ளி நின்றார்கள்.

"பேப்பர்காரரே. நீங்க பறவையெல்லாம் பாக்கறவரு. பொய் சொல்லாம சொல்லுங்க. அது இன்னா பறவை?"

புத்தகத்தில் இருந்த பெயர் என் நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் சரி. கருடன் என்று சொன்னால் பொய். இரண்டும் இல்லாத ஒரு பதில் எனக்குத் தோன்ற ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும்.

"நான் கொடுத்த படத்துல இருக்கற பறவைங்க," என்றேன். "அதேதான். சந்தேகமே இல்ல."

அவர் என்னையே பார்த்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். அன்று மண்டபத்தில், நான் கொடுத்தது கருடன் இல்லை என்று சொன்னதைக் கேட்டவர் அவர். அதை அவர் நினைவுபடுத்தவில்லை. விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கொத்தனாரிடம், "சாப்ட்டுப் போய்யா, பந்தலே காலி ஆயிடப் போவுது" என்றார். அவ்வளவுதான்.

கொத்தனாரின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வந்ததுதான் வந்துச்சி, அரை மணி முன்னாடி வந்தா இன்னா அதுக்கு? வயித்துல நெருப்பக் கட்டிக்கினு நிக்க வெச்சிட்டுது."

சாயங்காலம் செய்தி எழுதினேன். கடைசி வாக்கியங்களில் நீண்ட நேரம் நின்றேன். "கலசத்தில் நீர் ஊற்றிய சிறிது நேரத்தில் வானில் பெரிய பறவை ஒன்று வட்டமிட்டது. பக்தர்கள் அதைக் கருடன் எனக் கூறி வணங்கினர்." இதில் ஒரு சொல்கூடத் தவறு இல்லை என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தபின் ஃபேக்ஸ் செய்தேன். மறுநாள் பத்திரிகையில், "அப்போது வானில் கருடன் மூன்று முறை வட்டமிட்டது. பக்தர்கள் பரவசமடைந்தனர்" என்று வந்தது. உதவி ஆசிரியருக்குப் போன் செய்யவில்லை. இரண்டரை வட்டம்தான் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது.

அந்த மழைக்காலத்தில் அணை நிறைந்தது. கார்த்திகையில் கரையோரப் பட்ட மரத்தில் கருடன் உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் தலை, வெள்ளை நெஞ்சு, செங்கல் சிவப்பு உடல், எல்லாம் புத்தகத்தில் இருந்தபடி. கலர் ரோல் போட்டு எடுத்தேன். ஒன்று அது எழும்பும்போது கீழிருந்து விழுந்த படம். இந்தத் தடவை மூன்று நாள் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், என் மனைவியிடமும் காட்டிக் கேட்டேன். பிறகுதான் படத்தின் பின்னால் பெயர் எழுதினேன்: "கருடன். சரிபார்த்தது."

கொத்தனார் அப்போது பக்கத்து ஊர்ப் பெருமாள் கோயிலில் சாரம் கட்டியிருந்தார். படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லா இருக்குது சார். செவப்பும் வெள்ளையுமா ஜோரா இருக்குது." படத்தைக் கவரில் போட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "ஆனா இந்த ஊர்க்காரங்களும் பட்டை வெச்சதுதான் வேணும்னு கேக்கறாங்க. பட்டை இல்லன்னா கருடன் வராதாம்."

சாரத்து மூங்கிலில், பாலிதீன் உறைக்குள், கரியாலூர்ப் படம் கட்டியிருந்தது.